அப்பா எந்தக் கப்பலில் இருந்தார்? பழைய படங்களை வைத்துத் தேடுகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

இரண்டாம் உலகப் போரில் ராயல் இந்தியன் நேவியில், அதாவது பிரிட்டிஷ் ஆட்சிக்கால இந்தியக் கடற்படையில், இருந்த அப்பாவைத் தேடிப் போன கதை எனக்கு உண்டு. அப்பா 1941-ல் சங்கரன்கோவில் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ரயிலேறிப் போய்ச் சேர்ந்தவர். அதுவரை கடலைப் பார்த்ததே இல்லையாம். 1991-ல் காலமானார். ட்ரங்க் பெட்டியில் விட்டுச் சென்றது 14 படங்கள், ஒரு மெடல், துருப்பிடித்த ஒரு பித்தளைப் பொத்தான். அந்த 14 படங்களோடு ஆறு வருஷம் மல்லுக்கட்டினேன். அது தெரிந்த சொந்தக்காரர்களும் நண்பர்களும் தங்கள் வீட்டுப் படங்களை எடுத்துக்கொண்டு வருகிறார்கள். பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான் வருகின்றன என்பதால் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

படங்கள் கிடைத்திருக்கின்றன. முதலில் என்ன செய்ய வேண்டும்?

திருப்பிப் பாருங்கள். முகத்தைப் பார்ப்பது எங்கேயும் போய்விடாது. பின்பக்கத்தில் ஸ்டூடியோ ரப்பர் ஸ்டாம்ப், பென்சில் கிறுக்கல், கழுவிக் கொடுத்த கடையின் எண் என ஏதாவது ஒன்று இருக்கும். மங்கிப் போயிருந்தால் ஜன்னலோரம் வைத்து, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி சாய்த்துப் பாருங்கள். பென்சில் அழிந்தாலும் அழுத்தி எழுதிய பள்ளம் மிஞ்சியிருக்கும்.

என் அப்பா படங்களில் ஒன்றின் பின்னால் அவர் கையெழுத்தில் 'மெட்ராஸ், 42' என்று இருந்தது. முன்னால் மூன்று பேர் துறைமுக மேடையில் நிற்கிறார்கள், பின்னால் ஒரு கப்பலின் பக்கவாட்டு. சென்னைத் துறைமுகத்தில் எடுத்தது என்று நாற்பது வருஷம் நம்பினோம். இந்தப் படத்துக்கு அப்புறம் வருகிறேன்.

ஆல்பத்தில் ஒட்டியிருக்கிறது. பிய்த்து எடுக்கலாமா?

கறுப்புக் காகித ஆல்பத்தில் மூலைகளில் செருகியிருந்தால் எடுக்கலாம். பசை போட்டு ஒட்டியிருந்தால் அப்படியே விட்டுவிட்டு முன்பக்கத்தை மட்டும் பிரதி எடுங்கள். எண்பதுகளில் நாம் ஆசையாக வாங்கிய, பிளாஸ்டிக் தாள் மூடும் ஒட்டுப்பசை ஆல்பம்தான் மோசம். அந்தப் பசை காலப்போக்கில் படத்தையே தின்றுவிடும். மெல்லிய நைலான் நூலைப் படத்துக்கும் தாளுக்கும் நடுவே விட்டு, ரம்பம்போல மெதுவாக இழுத்துக் கழற்றலாம். பிடிவாதம் பிடித்தால் விட்டுவிடுங்கள்.

ஆல்பத்திலிருந்து எடுக்குமுன் ஒவ்வொரு பக்கத்தையும் முழுதாக ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்தப் படத்துக்குப் பக்கத்தில் எந்தப் படம் இருந்தது என்பதும் ஒரு தகவல். பின்னால் எழுத வேண்டுமானால் பென்சிலில், ஓரமாக. பால்பாயின்ட் பேனா கூடவே கூடாது.

தொப்பியில் கப்பல் பெயர் இருக்குமே, அதைப் படித்தால் முடிந்ததே?

எல்லோரும் இதைத்தான் முதலில் கேட்கிறார்கள், எல்லோரும் ஏமாந்தும் போகிறார்கள். சமாதான காலத்தில் மாலுமியின் தொப்பிப் பட்டையில் கப்பலின் பெயர் பொன்னெழுத்தில் இருக்கும். போர் வந்ததும் எந்தக் கப்பல் எந்தத் துறைமுகத்தில் நிற்கிறது என்று எதிரிக்குத் தெரியக் கூடாது என்பதற்காகப் பெயரை எடுத்துவிட்டார்கள். பிரிட்டிஷ் மாலுமிக்கு வெறும் 'எச்.எம்.எஸ்.' (மன்னரின் கப்பல்), நம் ஆட்களுக்கு வெறும் 'எச்.எம்.ஐ.எஸ்.' (மன்னரின் இந்தியக் கப்பல்), அவ்வளவுதான்.

அதிலும் ஒரு லாபம் உண்டு. நடுவில் 'ஐ' இருந்தால் அவர் இந்தியக் கடற்படை. 'எச்.எம்.எஸ்.' என்று மட்டும் இருந்தால் ராயல் நேவியில் இருந்த ஒருவராக இருக்கலாம், அல்லது நண்பனின் தொப்பியை வாங்கி மாட்டிக்கொண்டு எடுத்த படமாகவும் இருக்கலாம். இருபது வயசுப் பையன்கள்தானே.

படம் இடவலமாக மாறியிருக்கிறதா என்பதையும் இந்தப் பட்டையில்தான் பார்க்க வேண்டும். நெகட்டிவைத் திருப்பிப் போட்டு அச்சிட்டிருந்தால் 'எஸ்' முதலில் வரும், அதுவும் திரும்பி நிற்கும். இதைச் சரிபார்க்காமல் கைச் சின்னத்தைப் பற்றிப் பேசவே கூடாது. ஏன் என்று அடுத்த பதிலில்.

சட்டைக் கையில் உள்ள சின்னங்களுக்கு என்ன அர்த்தம்?

ராயல் இந்தியன் நேவியின் சீருடை பிரிட்டிஷ் கடற்படை வழக்கத்தையே பின்பற்றியது. இடது கையில் பதவி, வலது கையில் தொழில்.

இடது கையில் ஒற்றை நங்கூரம் என்றால் லீடிங் ரேட், சாதாரண மாலுமிக்கு அடுத்த படி. இரண்டு நங்கூரங்கள் குறுக்காக, மேலே கிரீடம் என்றால் அதற்கும் மேல்படியான பெட்டி ஆபீசர். நங்கூரத்துக்குக் கீழே, அல்லது நங்கூரம் இல்லாமலேயே, 'வி' வடிவப் பட்டைகள் இருக்கும். இவற்றைப் பார்த்துவிட்டு 'எங்கள் அப்பா சார்ஜென்ட்' என்று சொல்லாத குடும்பம் இல்லை. தரைப்படையில்தான் அது பதவி. கடற்படையில் நன்னடத்தைக்குக் கொடுத்தது. பிரிட்டிஷ் கணக்கில் 3 வருஷம், 8 வருஷம், 13 வருஷம் முடித்தால் ஒவ்வொன்று. அப்பா 1942-ல் சேர்ந்தவர் என்றால், ஒரு பட்டையோடு நிற்கும் படம் 1945-க்கு முன்பு எடுத்ததாக இருக்க வாய்ப்பில்லை. இப்படித் தேதியைக் கட்டம் கட்டலாம்.

வலது கை இன்னும் சுவாரசியம். குறுக்காக இரண்டு கொடி என்றால் கொடியும் விளக்கும் காட்டிச் செய்தி அனுப்பும் சிக்னல்மேன். இறக்கையும் மின்னலும் என்றால் டெலிகிராபிஸ்ட். கப்பலின் புரொபெல்லர் என்றால் எஞ்சின் அறையில் வெந்த ஸ்டோக்கர். பீரங்கி என்றால் பீரங்கிப் பிரிவு. என் அப்பாவுக்கு இரட்டைக் கொடி. வயசான காலத்தில் வயல் வரப்பில் நின்றுகொண்டு, தூரத்தில் இருக்கும் ஆளைக் கூப்பிடாமல் இரண்டு கையையும் விரித்து ஏதேதோ கோணத்தில் ஆட்டுவார். கிறுக்கு என்று சிரிப்போம். அது செமஃபோர், கைகளின் கோணத்தால் எழுத்துக்களைக் காட்டும் கடற்படைச் சைகை.

படம் இடவலமாக மாறியிருந்தால் பதவி வலது கைக்கும் தொழில் இடது கைக்கும் போய்விடும். அதனால்தான் முதலில் 'எஸ்'ஸைப் பார்க்கச் சொன்னேன்.

கோட், டை, முன்விளிம்பு வைத்த தொப்பி. அப்படியானால் ஆபீசர்தானே?

அவசரப்பட வேண்டாம். சமையல்காரர், ஸ்டூவர்ட், எழுத்தர், ஸ்டோர் ஆள் ஆகியோருக்கும் மாலுமிக் காலர் கிடையாது. கோட்டும் டையும் முன்விளிம்புத் தொப்பியும்தான். தொப்பியை விட்டுவிட்டு மணிக்கட்டைப் பாருங்கள். அங்கேயோ தோளிலோ பொன்வளையம் இருந்தால்தான் ஆபீசர்.

வளையம் நேராக இருந்தால் நிரந்தரப் படை. இரண்டு மெல்லிய இழைகள் பின்னிக்கொண்டு போனால் வணிகக் கப்பலிலிருந்து வந்த ரிசர்வ். அலை அலையாக இருந்தால் தன்னார்வ ரிசர்வ், அதாவது போருக்காகச் சேர்ந்த வக்கீல், வாத்தியார், கம்பெனி ஆள் போன்றோர். வளையங்களுக்கு நடுவே நிறத்துணி இருந்தால் பிரிவு தெரியும்: ஊதா எஞ்சினியர், வெள்ளை கணக்கு, சிவப்பு டாக்டர். ஆனால் கறுப்பு வெள்ளைப் படத்தில் ஊதாவையும் சிவப்பையும் பிரிப்பது லேசில்லை.

கறுப்பு வெள்ளைப் படத்தில் நிறத்தை யூகிக்கவே முடியாதா?

ஓரளவு முடியும், ஆனால் நாம் நினைக்கிறபடி இல்லை. அன்றைக்குச் சாதாரண கேமராவில் போட்ட ஃபிலிம்களில் பல சிவப்பு வெளிச்சத்தை உணராதவை. கோடக்கின் வெரிக்ரோம் 1956 வரை அப்படித்தான் இருந்தது. அதில் சிவப்பு கிட்டத்தட்டக் கறுப்பாக விழும், நீலம் வெளுத்துவிடும். அதனால் மாலுமியின் நீலக் காலர் சாம்பலாகத் தெரிகிறது என்று வேறு நாட்டுச் சீருடையைத் தேடிப் போக வேண்டாம். நீலத் துணியில் சிவப்பு நூலால் தைத்த சின்னம் துணியை விடக் கறுப்பாகி, இருட்டில் இருட்டாகக் காணாமல் போய்விடும். 'சின்னமே இல்லையே' என்பவர்கள் ஸ்கேன் செய்து நிழல்களை மட்டும் வெளிச்சமாக்கிப் பார்க்கலாம்.

செல்போன் செயலிகளில் பழைய படத்துக்கு நிறம் கொடுப்பது இப்போது வேடிக்கையாகிவிட்டது. அம்மாவிடம் காட்டச் செய்யுங்கள், தப்பில்லை. தேடலுக்கு அதை நம்பாதீர்கள். முகத்தைத் தெளிவாக்குகிறேன் என்று அந்தச் செயலி இல்லாத பொத்தானை உண்டாக்கும், இருக்கும் எண்ணை மெழுகிவிடும்.

கப்பலை எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

எங்கள் வீட்டில் சித்தப்பா சொன்ன கதை ஒன்று உண்டு. அப்பா 'பெங்கால்' கப்பலில் இருந்தார், ஜப்பான்காரனின் கப்பலை மூழ்கடித்தவர்களில் ஒருவர் என்று. அந்தச் சண்டை உண்மையில் நடந்ததுதான். 1942 நவம்பர் 11-ம் தேதி, இந்தியப் பெருங்கடலில், கோகோஸ் தீவுகளுக்குத் தென்மேற்கே, ஓன்டினா என்ற டச்சு எண்ணெய்க் கப்பலுக்குக் காவலாகப் போய்க்கொண்டிருந்தது எச்.எம்.ஐ.எஸ். பெங்கால். எதிரே ஹொகோகு மாரு, ஐகோகு மாரு என்று இரண்டு ஜப்பானியக் கப்பல்கள். இரண்டுமே பெங்காலைப் போலப் பல மடங்கு பெரியவை, பெரிய பீரங்கிகள் பொருத்தியவை. பெங்காலில் இருந்தது ஒரே ஒரு சிறு பீரங்கி. கடைசியில் மூழ்கியது ஹொகோகு மாரு. அந்தக் காலத்தில் ஊரெல்லாம் பேசிய செய்தி.

படத்துக்கு வருவோம். மூன்று பேருக்குப் பின்னால் உள்ள கப்பலின் பக்கவாட்டில் பெரிய எழுத்தில் ஒரு எண் எழுதியிருக்கிறது. 'ஜே' தெரிகிறது, 2 தெரிகிறது, அடுத்த இலக்கத்தை நடுவில் நிற்பவரின் தலை மறைத்துவிட்டது, கடைசியில் 7. இதைப் பெனன்ட் எண் என்பார்கள். பெயரை மறைத்தாலும் இந்த எண்ணை மறைக்கவில்லை, ஏனென்றால் கடலில் நம் கப்பலை நம் கப்பலே அடையாளம் காண வேண்டுமே.

போர்க்காலத்தில் இந்தியாவுக்காக ஆஸ்திரேலியாவில் கட்டிய கார்வெட்டுகள், அதாவது சிறு போர்க்கப்பல்கள், நான்கு. பெங்கால் ஜே 243, பம்பாய் ஜே 249, பஞ்சாப் ஜே 239. நான்காவது ஜே 237. அந்தக் கப்பலின் பெயர் எச்.எம்.ஐ.எஸ். மெட்ராஸ்.

அப்பா பின்னால் எழுதியது ஊரின் பெயர் இல்லை. கப்பலின் பெயர்.

'யுத்தத்தப்போ நான் மெட்ராஸ்ல இருந்தேன்' என்று அவர் சொல்லும்போதெல்லாம், சரி, ஏதோ துறைமுக ஆபீசில் இருந்திருப்பார், அதைச் சொல்ல வெட்கப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டோம். சித்தப்பாவின் பெங்கால் கதை கேட்க நன்றாக இருந்தது, அதை வைத்துக்கொண்டோம். இதே மாதிரி நண்பர் ஒருவரின் அப்பா 'காவேரியில் ரெண்டு வருஷம்' என்று சொன்னதைத் திருச்சியில் இருந்தார் என்று எடுத்துக்கொண்டார்களாம். எச்.எம்.ஐ.எஸ். காவேரி என்று ஒரு போர்க்கப்பல் இருந்தது. கோதாவரி, நர்படா, கிஸ்னா, சட்லெஜ், ஜம்னா, எல்லாமே கப்பல்கள். வீட்டில் யாராவது ஆற்றின் பெயர் சொன்னால் இனி கொஞ்சம் காது கொடுங்கள்.

எண் பாதிதான் தெரிகிறது. உறுதியாகச் சொல்லலாமா?

படத்தை மட்டும் வைத்துச் சொல்லக் கூடாது. ஆஸ்திரேலியக் கடற்படைக்கும் இதே வகைக் கார்வெட்டுகள் ஏராளம், அவற்றுக்கும் ஜே எழுத்துதான். அதோடு, ஒரு கப்பலுக்கு முன்னால் நின்றதாலேயே ஒருவர் அந்தக் கப்பலின் ஆள் ஆகிவிட மாட்டார். நாம் ரயில் நிலையத்தில் எடுத்த படத்தில் பின்னால் நிற்கும் ரயிலில் போனவர்களா என்ன?

எனக்கு அடுத்த சான்று கிடைத்தது ஒரு விபத்தால். 2000-களில் ஒரு கடையில் கொடுத்து எல்லாப் படத்தையும் ஸ்கேன் செய்து சிடியில் வாங்கியிருந்தேன். கடைக்காரர் ஓரங்கள் அழுக்காக இருக்கிறதென்று சுத்தமாக வெட்டி, அழகாகக் கொடுத்தார். பல வருஷம் அந்த சிடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு நாள் மூலப் படத்தை எடுத்தபோது, இடது ஓரத்தில் கட்டைவிரல் நகம் அகலத்துக்கு, வானத்தில் கறுப்பாக இரும்புப் பின்னல் ஒன்று வளைந்து இறங்குவது தெரிந்தது. சிட்னித் துறைமுகப் பாலத்தின் வளைவு. நான்கு கார்வெட்டுகளும் கட்டப்பட்டது சிட்னியில்தான்: பெங்காலும் மெட்ராஸும் காக்கட்டூ தீவில், பம்பாயும் பஞ்சாபும் மார்ட்ஸ் டாக்கில். புதுக் கப்பலை ஓட்டிவர இங்கிருந்து ஆட்களை அனுப்பினார்கள். 1942 மே 31 இரவு ஜப்பானியக் குட்டி நீர்மூழ்கிகள் சிட்னித் துறைமுகத்துக்குள் புகுந்தபோது எச்.எம்.ஐ.எஸ். பம்பாய் அங்கேதான் இருந்தது.

படம், பின்னெழுத்து, பாலம் மூன்றும் ஒரே பக்கம் காட்டின. அதன் பிறகுதான் ஆவணம் கேட்டு எழுதினேன். பணிப் பதிவில் கப்பல் பெயர் அதேதான்.

என்னிடம் உள்ள படத்தில் கப்பலே இல்லை, கட்டடம்தான் இருக்கிறது.

கட்டடமும் 'கப்பல்'தான். கடற்படைக்காரர்கள் கரையில் உள்ள பயிற்சிப் பள்ளிக்கும் எச்.எம்.ஐ.எஸ். போட்டுத்தான் பெயர் வைப்பார்கள். 'அப்பா தல்வார் கப்பலில் இருந்தார்' என்று எங்கே அந்தக் கப்பல் என்று தேடுகிறவர்கள் உண்டு. தல்வார் பம்பாய் கொலாபாவில் இருந்த சிக்னல் பள்ளி. பஹதூர், ஹிமாலயா, திலாவர் மூன்றும் கராச்சியில். சென்னையில் இருந்தது அடையாறு, விசாகப்பட்டினத்தில் சர்க்கார்ஸ், கொச்சியில் வெண்டுருத்தி. ஜாம்நகர் பக்கத்தில் 1942-ல் தொடங்கிய டார்பிடோ பள்ளிக்குப் பெயர் வல்சுரா. குஜராத்தில் உள்ள அந்த இடத்தின் பெயர் நம் வாள்சுறாதான், தமிழிலிருந்து போனது.

ஒரு எச்சரிக்கை. ஸ்டூடியோப் படத்தில் பின்னால் கப்பலும் அலையும் தெரிந்தால், அது திரையில் வரைந்ததா என்று பாருங்கள். திரையின் மடிப்பு தரையில் தெரியும். ஓவியர் வரைந்த கப்பலின் புகைபோக்கியை எண்ணிக்கொண்டு ஒரு மாதம் உட்கார்ந்திருந்த ஆளை எனக்குத் தெரியும். கண்ணாடியில் தினமும் பார்க்கிறேன்.

வருஷத்தைக் கணிக்க வேறு வழி?

தொப்பிச் சின்னத்திலும் பொத்தானிலும் கிரீடம் இருந்தால் 1950 ஜனவரி 26-க்கு முந்தையது. அன்றுதான் கடற்படையின் பெயரிலிருந்து 'ராயல்' போனது, எச்.எம்.ஐ.எஸ். போய் ஐ.என்.எஸ். ஆனது. அசோகச் சிங்கங்கள் இருந்தால் அதற்குப் பிந்தையது. 'டெல்லி' க்ரூசர் படம் இருந்தால் 1948-க்குப் பிறகு. அதற்கு முன் இந்தியாவிடம் அந்தக் கப்பல் இல்லை.

நெஞ்சில் ரிப்பன் இருக்கிறதா என்றும் பாருங்கள். போருக்கான முதல் நட்சத்திரப் பதக்கத்தின் ரிப்பனே 1943-ல்தான் வந்தது. பர்மா ஸ்டார் 1945 மே மாதம் அறிவித்தது, இந்தியா சர்வீஸ் மெடல் 1946. ரிப்பன் வரிசையோடு கல்யாண மாப்பிள்ளை மாதிரி ஸ்டூடியோவில் நிற்கும் படம் பெரும்பாலும் படையை விட்டு வருமுன் எடுத்தது. பெண் பார்க்கும் வீட்டுக்கு அனுப்பவும் அதுதான் பயன்பட்டது.

மெடல் இருக்கிறது. அது எவ்வளவு சொல்லும்?

எங்கே சண்டையிட்டார் என்பதைப் பொத்தாம்பொதுவாகச் சொல்லும், எந்தக் கப்பல் என்று சொல்லாது. 1939–45 வார் மெடல் 28 நாள் பணி செய்த கிட்டத்தட்ட எல்லோருக்கும் கிடைத்தது. பர்மா ஸ்டார் இருந்தால் வங்காள விரிகுடாவும் பர்மாவின் அரக்கான் கரையும். 1945 ஜனவரியில் அக்யாப், ராம்ரீ தீவு இறங்கல்களில் இந்தியக் கப்பல்கள் இருந்தன. இத்தாலி ஸ்டார் என்றால் சட்லெஜையும் ஜம்னாவையும் முதலில் பாருங்கள். 1943 ஜூலையில் சிசிலிப் படையிறக்கத்தில் அவை கலந்துகொண்டன. விளிம்பிலும் பின்பக்கத்திலும் பெயரோ எண்ணோ பொறித்திருக்கிறதா என்று உருப்பெருக்கியால் பார்த்துவிடுங்கள். தேய்க்க வேண்டாம், புளி போட்டுத் துலக்கவே வேண்டாம்.

நேவிதானா என்பதே சந்தேகமாக இருக்கிறது.

நியாயமான சந்தேகம். கடல் தெரியும் படமெல்லாம் கடற்படை இல்லை. தரைப்படையின் எஞ்சினியர் பிரிவிலேயே படகு ஓட்டும் உள்நாட்டு நீர்ப்போக்குவரத்துக் கம்பெனிகள் இருந்தன. வணிகக் கப்பல்களில் போனவர்கள் இன்னும் அதிகம், உயிர் விட்டவர்களும் அதிகம். கடலையே கல்லறையாகக் கொண்டவர்களுக்காகச் சிட்டகாங்கிலும் மும்பையிலும் வைத்திருக்கும் நினைவேட்டில் கடற்படையினர் 400-க்கும் மேல், வணிகக் கப்பல் ஆட்கள் கிட்டத்தட்ட 6,000 பேர்.

குடும்பம் இலங்கையில் இருந்திருந்தால் சிலோன் கடற்படைத் தன்னார்வப் படையையும் நினைவில் வையுங்கள். 1937-ல் தொடங்கியது, 1943-ல் சிலோன் ராயல் நேவல் வாலன்டியர் ரிசர்வ் ஆனது. 1942 ஏப்ரல் 9 அன்று திருகோணமலையில் குண்டு விழுந்ததும், மட்டக்களப்புக்கு அப்பால் ஹெர்மிஸ் விமானந்தாங்கி மூழ்கியதும் அந்தக் குடும்பங்களின் பேச்சில் இன்னும் இருக்கும்.

ஆவணங்களை எங்கே கேட்பது?

மாலுமியாக இருந்தால் மும்பை மான்குர்டில் உள்ள கடற்படையின் மாலுமிகள் பணியகம். ஆபீசராக இருந்தால் டெல்லி கடற்படைத் தலைமையகம். டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்தின் அபிலேக் படால் தளத்தில் அக்காலக் கோப்புகள் பலவற்றை வீட்டிலிருந்தே பார்க்கலாம். லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களும் இம்பீரியல் வார் மியூசியத்தின் படத் தொகுப்பும் உதவும். ஆஸ்திரேலியாவில் கட்டிய கப்பல் என்றால் அங்குள்ள போர் நினைவகத்தின் படங்களையும், ட்ரோவ் தளத்தில் பழைய செய்தித்தாள்களையும் துழாவுங்கள், இலவசம்தான்.

எழுதும்போது கைவசம் இருக்க வேண்டியது பணி எண். அது ஒன்று இருந்தால் பாதி வேலை முடிந்தது. பழைய கடித உறை, மணியார்டர் ரசீது, குழுப்படத்தில் கையில் பிடித்திருக்கும் பலகை என எதிலும் இருக்கலாம். உறவுக்கான சான்று, இறப்புச் சான்றிதழ் நகல் இரண்டையும் சேர்த்து அனுப்புங்கள்.

பணி எண் இல்லை. பெயரை வைத்துத் தேட முடியாதா?

முடியும், ஆனால் நம் பெயர்கள் படுத்தும் பாடு தனி. போர் தொடங்கியபோது 2,000 பேர்கூட இல்லாத கடற்படை, முடிந்தபோது 25,000-ஐத் தாண்டியிருந்தது. சென்னை மாகாணத்திலிருந்து மட்டும் அத்தனை முத்துசாமிகள், அத்தனை சுப்பையாக்கள். ஆள் சேர்த்த குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதினார். சாமிக்கு 'டபிள்யூ' போட்டவர் உண்டு, 'வி' போட்டவர் உண்டு, கடைசியில் 'ஐ'யோ 'ஒய்'யோ அவர் இஷ்டம். இனிஷியலை விரித்து எழுதச் சொன்னதால் தாத்தாவின் பெயரே அப்பாவின் முதல் பெயராகி, அந்த எழுத்தின் கீழ் அட்டவணையில் உட்கார்ந்திருக்கும். சாதிப் பெயர் குடும்பப் பெயராகியிருக்கும். என் அப்பாவின் பெயரை நான்கு விதமாக எழுதிக் கேட்டேன், ஐந்தாவது விதத்தில் இருந்தது.

பிறந்த தேதி ஒத்துப்போகவில்லை என்று கைவிடாதீர்கள். வயசைக் கூட்டிச் சொல்லிச் சேர்ந்த பையன்கள் நிறையப் பேர். ஊர் பெயர், தாலுகா, தாத்தா பெயர் மூன்றும் ஒத்தால் அவர்தான்.

1946-க்குப் பிறகு அப்பாவைப் பற்றி எதுவுமே இல்லை. பென்ஷனும் வரவில்லை.

போர் முடிந்ததும் ஆயிரக்கணக்கானோரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், அது ஒரு காரணமாக இருக்கலாம். இன்னொன்று, 1946 பிப்ரவரி 18. கெட்ட சாப்பாடு, சம்பள வேறுபாடு, ஆபீசர்களின் இழிபேச்சு என்று பம்பாய் தல்வாரில் தொடங்கிய மாலுமிகளின் எழுச்சி சில நாளில் கராச்சி வரை கப்பல் கப்பலாகப் பரவியது. 23-ம் தேதி சரணடைந்தார்கள். அதற்குப் பிறகு பலர் பணிநீக்கம் ஆனார்கள். அவர்களில் சிலர் சீருடைப் படங்களைக் கிழித்துப் போட்டார்கள், சிலர் வீட்டில் பேச்சே எடுக்கவில்லை. ஆல்பத்தில் வெறும் மூலைகள் மட்டும் ஒட்டியிருந்தால் அங்கே என்ன இருந்தது என்று அத்தையிடம் கேளுங்கள்.

அம்மா உயிரோடு இருந்தால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் ஒரு முறை விசாரியுங்கள். போர் வீரர்களின் மனைவியருக்கு மாநில அரசு உதவித்தொகை உண்டு.

வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் கதையை எவ்வளவு நம்பலாம்?

முழுதாக எழுதிக்கொள்ளுங்கள், தனித் தாளில். படத்தில் கண்ணால் தெரிவதை இன்னொரு தாளில். இரண்டையும் ஒரே தாளில் எழுதினால் ஒரு வாரத்தில் எது எது என்று உங்களுக்கே தெரியாது. எனக்கு அதுதான் நடந்தது. 'பெங்கால்' என்று மனதில் வைத்துக்கொண்டு பார்த்ததால் அந்த 7 எனக்கு மங்கிய 3 ஆகவே தெரிந்தது, ஒன்றல்ல, இரண்டு வருஷம்.

சித்தப்பா பொய் சொல்லவில்லை. கிராமத்தில் யாரோ வானொலியில் கேட்டு, செய்தித்தாளில் படித்து, நம் பையனும் கப்பலில்தானே இருக்கிறான் என்று அவருடைய பன்னிரண்டாவது வயசில் சேர்த்துக்கொண்டது. தொண்ணூறு வயசில் உண்மையைச் சொன்னபோது, 'சரி, அப்போ பெங்கால்ல இருந்தது யாரு?' என்று கேட்டார்.

படத்தில் அப்பாவோடு நிற்கும் மற்றவர்கள் யார் என்று கண்டுபிடிக்க முடியுமா?

சில நேரம். அவர்கள் வீட்டிலும் இதே படத்தின் இன்னொரு பிரதி இருக்கும், ஏனென்றால் ஒரு நெகட்டிவுக்கு ஆளுக்கொன்று என்று மூன்று நான்கு பிரதி போடுவது வழக்கம். அவர்கள் பிரதியின் பின்னால் வேறு ஏதாவது எழுதியிருக்கலாம். அதனால் உங்கள் படத்தை அங்குலத்துக்கு 1200 புள்ளி அடர்த்தியில், ஓரம் வெட்டாமல், முன்னும் பின்னும் ஸ்கேன் செய்து வையுங்கள்.

என் படத்தில் நடுவில் நிற்பவர், எண்ணின் அந்த நடு இலக்கத்தைத் தலையால் மறைத்தவர், யாரென்று இன்னும் தெரியவில்லை. வலது கையில் புரொபெல்லர், இடது கன்னத்தில் மச்சம், அப்பாவின் தோளில் கை போட்டிருக்கிறார். எங்காவது ஒரு வீட்டில் இதே படம் இருக்கும். அங்கே மறைத்தபடி நிற்பவர் அப்பா, ஓரத்தில் நிற்கும் ஒல்லி ஆள்தான் யாரென்று தெரியாதவர்.